முழுக்கும் அப்பமும்

எங்கள் பாஸ்டர் ஊழியத்திலிருந்து ஓய்வு பெற்றுத் தூத்துக்குடிக்கே திரும்பப் போவதாக அறிவித்த அன்றே, அவரைக் கனப்படுத்த ஓர் ஆராதனை வைக்க வேண்டும் என்ற பேச்சு சபையில் தொடங்கிவிட்டது. கனப்படுத்துவது என்பது எங்கள் ஆட்களின் சொல். பாராட்டு விழா என்றால் அது உலகத்தாரின் வழக்கம். மாலை போடலாமா என்று ஒருவர் கேட்டார். மாலை விக்கிரகத்துக்குப் போடுவது என்று இன்னொருவர் மறித்தார். சால்வை போர்த்தலாம் என்றால், அது அரசியல்வாதிகளுக்கு. இப்படியே நெடுநேரம் போய், கடைசியில் நல்ல மெரினோ கம்பளியில் ஒரு ஸ்வெட்டர் வாங்குவதென்று முடிவானது. தூத்துக்குடி வெயிலில் அதை எந்த மாதம் போடுவார் என்று கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. சபைக் கூட்டத்தில் சிரிப்பது எங்களிடம் வழக்கமில்லை.

அடுத்த நாள் டீக்கன் தொலைபேசியில் அழைத்தார். பாஸ்டருக்கு அடுத்தபடியாகச் சபைக் காரியங்களைப் பார்ப்பவர் அவர். கோயம்புத்தூர்க்காரர். நல்ல மனிதர், ஆனால் எதையும் பூசி மெழுகித்தான் பேசுவார்.

"பிரதர், குடும்பங்கள் சார்பா நீங்கதான் பேசணும். உங்க அம்மாவுக்கு பாஸ்டர் எவ்வளவு செஞ்சாரு. அதை நீங்க சொன்னாத்தான் நல்லா இருக்கும்."

"சொல்லலாம். செய்யாததையும் சொல்லலாமோ?"

அம்மாவுக்கு பாஸ்டர் எதைச் செய்யவில்லை என்பது அவருக்கும் தெரியும், சபையில் எல்லாருக்கும் தெரியும்.

"அது வேண்டாமே பிரதர். அபிஷேகம் பெற்ற ஊழியக்காரர். நாம தொடக்கூடாது."

பிறகு, வேதாகமத்தில் குடித்துவிட்டு ஆடை விலகிக் கிடந்த தகப்பனைத் திரும்பிப் பாராமல், பின்பக்கமாகவே நடந்து போய்த் துணியால் மூடிய பிள்ளைகளின் கதையை எனக்கு நினைவூட்டினார். அந்தக் கதை எனக்குத் தெரியும். ஞாயிறு பள்ளியில் நானே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். யோசிக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

எங்கள் சபையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாங்கள் குடியேறிய இந்த வெள்ளைக்கார நாட்டில், ஹென்டர்சன் என்ற புறநகரில் ஒரு பள்ளி மண்டபத்தை ஞாயிறு காலையில் வாடகைக்கு எடுத்துக் கூடுகிற தமிழ் பாப்டிஸ்ட் சபை. யாரோடும் சேராத சபை. மற்றத் தமிழ்ச் சபைகளில் கை தட்டிப் பாடுகிறார்கள், பரவசத்தில் அந்நிய பாஷை பேசுகிறார்கள் என்பதால் அவர்களோடு எங்களுக்கு ஐக்கியமில்லை. ஆங்கிலச் சபைகளில் பெண்கள் பிரசங்கிக்கிறார்கள் என்பதால் அவர்களோடும் இல்லை. பாதிப் பேர் தமிழ்நாடு, பாதிப் பேர் எங்களைப் போல யாழ்ப்பாணம், இரண்டு குடும்பங்கள் மலேசியா. டிரம்ஸ் இல்லை. கிறிஸ்துமஸ் மரம் இல்லை. பழைய மொழிபெயர்ப்பு வேதாகமத்தைத் தவிர வேறொன்றை மண்டபத்துக்குள் திறக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் வாங்கக் கூடாது.

இந்தக் கடைசி விதியில் மட்டும் அம்மா கட்டுப்படவில்லை. நாங்கள் இருந்தது அதே நகரத்து ஏவன்டேலில். ஞாயிறு விடிந்ததும் குதிரைப் பந்தயத் திடலில் சந்தை கூடிவிடும். பொன்னாங்காணியும் வல்லாரையும் கிடைக்கிற இடத்தைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு வாங்காதே என்றால் யார் கேட்பார்கள்? அம்மா இருட்டோடு போய் வாங்கிக்கொண்டு வந்து, குளித்து, முக்காட்டுக்குச் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, ஆராதனைக்கு முதல் ஆளாக ஆயத்தமாக இருப்பார். ஒரு நாள் மீன் விற்கிற வண்டிக்கு முன்னால் பாஸ்டரின் மனைவியைக் கண்டாராம். இருவரும் ஒருவரையொருவர் காணாதவர்கள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் திரும்பிவிட்டார்களாம். "நல்ல விளைமீன் வாங்கினவ," என்று அம்மா என் மனைவியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ஆனால் எங்கள் சபையின் தலையான விதி முழுக்குதான். குழந்தையின் தலையில் தண்ணீர் தெளித்துக் கொடுப்பது ஞானஸ்நானமே அல்ல. தானே விசுவாசித்து, தானே அறிக்கையிட்டு, தலை முதல் கால் வரை தண்ணீருக்குள் போய் எழும்ப வேண்டும். அப்படி முழுக்கு எடுத்தவர்களுக்குத்தான் மாதத்தின் முதல் ஞாயிறு, கிறிஸ்துவின் நினைவாகப் பகிர்கிற அப்பமும் திராட்சரசமும் கிடைக்கும். பாஸ்டர் முழுக்குக் கொடுப்பது கடலில். எங்கள் பக்கத்துக் கரையில் கடல் வற்றினால் சேறுதான் மிஞ்சும் என்பதால், பெருக்கு எத்தனை மணிக்கு என்று பார்த்துத்தான் ஆராதனையையே வைப்பார். நானும் என் மனைவியும் யாழ்ப்பாணத்தில் பழைய மிஷன் கோயிலில் குழந்தையாய் ஞானஸ்நானம் பெற்றவர்கள்தான். இந்தச் சபையில் சேர்ந்தபோது மறுபடியும் முழுக்கு எடுத்தோம். எனக்கு அதில் பெரிய மனப்போராட்டம் ஒன்றும் இல்லை. தண்ணீர் குளிர்ந்தது, அவ்வளவுதான்.

அம்மா மறுத்துவிட்டார். அவரைக் கைக்குழந்தையாய்த் தூக்கிக்கொண்டு போய் ஞானஸ்நானம் கொடுப்பித்தவர் அவருடைய அப்பா.

"என்ர ஐயா என்னைத் தூக்கிக்கொண்டு போய்ச் செய்தது செல்லாதெண்டு நான் தண்ணிக்குள்ள இறங்கி நிண்டு சொல்லமாட்டன்," என்றார்.

அதனால் இங்கே வந்து சேர்ந்த நாளிலிருந்து அம்மாவுக்கு அப்பம் இல்லை. எங்கள் சபையில் அப்பத்தட்டு வரிசை வரிசையாகக் கைமாறி வரும். என் கைக்கு வரும். நான் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு அம்மாவிடம் கொடுப்பேன். அம்மா தட்டை இரண்டு கையாலும் வாங்கி, கொஞ்ச நேரம் வைத்திருந்து, அடுத்த ஆளிடம் கொடுப்பார். ஊரில் பதினாறு வயதில், கோயிலின் முழு அங்கத்தவராகத் திடப்படுத்தல் பெற்ற காலம் தொட்டு ஒரு மாதம் தவறாமல் அப்பம் எடுத்தவர்.

வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் வெள்ளைக்காரரின் கோயில் ஒன்று இருந்தது. அங்கே கேள்வி கேட்காமல் கொடுப்பார்கள். போவோமா என்று கேட்டேன்.

"விளங்காத பாஷையில வாங்கி என்ன செய்ய? இஞ்ச ஐயா ஜெபிச்சுத் தாறதுதான் எனக்கு வேணும்."

ஐயா என்று அவர் சொன்னது பாஸ்டரை. அம்மாவுக்கு அவர்மேல் அவ்வளவு மதிப்பு. அதற்குக் காரணமும் இருந்தது.

அம்மாவின் சிறுநீரகங்கள் கைவிட்டபோது கிழமையில் மூன்று நாள் டயாலிசிஸ். என் வேலை நகரத்தின் தெற்குக் கோடியில், மனுரேவாவில் ஒரு பண்டகசாலையில். காலை ஷிப்டுக்கு இருட்டோடு வெளிக்கிட்டால்தான் மோட்டர்வேயில் மாட்டாமல் போகலாம். மனைவிக்கு முதியோர் இல்லத்தில் வேலை. இரண்டு சம்பளம் இல்லாமல் வாடகை கட்ட ஏலாது. ஆஸ்பத்திரி வண்டிக்கு ஏற்பாடு செய்யலாம் என்று பேசிக்கொண்டிருந்தபோது பாஸ்டர், "எதுக்குத் தம்பி? நான் சும்மாதான இருக்கேன்," என்றார். சும்மா இருக்கிற ஆள் அல்ல அவர். ஆனாலும் அன்று தொடங்கி அம்மாவின் கடைசிவரை, டயாலிசிஸ் நாள் எல்லாம் அவருடைய பழைய வேன் எங்கள் வீட்டு வாசலில் நின்றது. அம்மாவை ஏற்றுவார். அம்மா படியில் சறுக்கிவிடக் கூடாதென்று தன் வீட்டிலிருந்து ஒரு சின்ன முக்காலி கொண்டுவந்து வேனிலேயே வைத்திருந்தார். இயந்திரத்தில் அம்மா படுத்திருக்கும் நேரமெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து வேதம் வாசிப்பார். அம்மாவுக்கு வாந்தி வந்தால் பாத்திரம் பிடிப்பார். ஒருமுறை தன் சட்டையையே பிடித்தாராம். அம்மாதான் சொன்னார்.

இதே மனிதர்தான் கிட்டார் வாசித்த ஒரு பையனை எல்லார் முன்னிலையிலும் எழுப்பி நிறுத்தித் திட்டி, அவன் குடும்பமே சபையை விட்டுப் போகச் செய்தவர். தோடு போட்டு வந்த புது மருமகளைப் பார்த்து வேதாகமத்துக் கெட்ட ராணி யேசபேல் என்று பிரசங்க மேடையிலிருந்து சொன்னவர். பிறகு அவளுக்குக் குழந்தை பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு இரவு பகலாகச் சாப்பாடு கொண்டுபோனவரும் அவர்தான். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிற ஆள். ஆனால் அந்த முயலைப் பிடிக்கிற கையால்தான் ஊருக்கெல்லாம் உதவியும் செய்வார். அவரை வெறுக்கவும் முடியாது, நிம்மதியாக நேசிக்கவும் முடியாது.

நோய் முற்றியபோது அம்மாவின் மனம் மாறியது. அப்பம் வேண்டும் என்ற ஆசை, அவருடைய அப்பாவுக்காகப் பிடித்த பிடிவாதத்தை வென்றுவிட்டது. ஒரு நாள் வேனில் போகும்போது, "ஐயா, நான் முழுக்கு எடுக்கிறன். எனக்கு அப்பம் தாங்கோ," என்று அம்மாவே கேட்டிருக்கிறார். பாஸ்டர் வேனை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதாராம்.

ஆனால் காலம் கடந்துவிட்டிருந்தது. கையில் நரம்பு சரிவராததால், அம்மாவின் நெஞ்சில் குழாய் வைத்து அதன் வழியாகத்தான் டயாலிசிஸ் செய்தார்கள். அந்த இடம் நனையவே கூடாது. நனைந்து கிருமி போனால் நேரே இரத்தத்துக்குப் போகும். அம்மாவுக்குக் குளிப்பே இல்லை, ஈரத்துணியால் துடைப்புத்தான். பாஸ்டர் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் டயாலிசிஸ் தாதியிடம், இவரைத் தண்ணீருக்குள் ஒரு நொடி முழுவதும் அமிழ்த்தி எடுத்தால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறார். அவள் பயந்துபோய் இன்னொரு தாதியைக் கூப்பிட்டாளாம். அந்தக் கதையை அம்மா சொன்னபோது வீட்டில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அதோடு பாஸ்டர் விடவில்லை. சாப்பாடு சுற்றுகிற பிளாஸ்டிக் உறையும், தண்ணீர் புகாத டேப்பும் வாங்கினார். தன் நெஞ்சில், அம்மாவுக்குக் குழாய் இருக்கிற அதே இடத்தில், ஒரு துண்டுத் தாளை வைத்து அதன்மேல் உறையைச் சுற்றி டேப்பை ஒட்டினார். தன் வீட்டுக் குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, உள்ளே மூழ்கி எழுந்து, தாள் நனைந்திருக்கிறதா என்று பார்த்தார். நனைந்திருந்தது. வேறு டேப் வாங்கி மறுபடியும் செய்தார். அறுபத்தைந்து வயது மனிதர், இந்த நாட்டில் குளிர்காலம் நடுங்க வைக்கிற ஜூலையில். எத்தனை தரம் மூழ்கினாரோ தெரியாது. இருமலோடு எங்கள் வீட்டுக்கு வந்து கதிரையில் உட்கார்ந்து சொன்னார்.

"எப்படி ஒட்டினாலும் ஓரத்துல நனைஞ்சிருது தம்பி. அம்மாவைத் தண்ணிக்குள்ள நான் இறக்க மாட்டேன்."

"பரவாயில்லை பாஸ்டர். தலையில தண்ணி ஊத்தி ஜெபியுங்கோ. இல்லாட்டி ஒண்டும் செய்யாதையுங்கோ. அவ கேட்டதே போதும்தானே. அப்பத்தைக் குடுங்கோ."

அவர் தலையாட்டினார். ஆம் என்பதற்கு அல்ல.

"முழுக்குன்னா முழுக்குதான் தம்பி. நான் எப்படி மாத்துவேன்? நான் எழுதின சட்டமா?"

அம்மா அறைக்குள் கட்டிலில் படுத்திருந்தார். கதவு திறந்துதான் இருந்தது. எல்லாம் கேட்டிருக்கும். பாஸ்டர் உள்ளே போய் ஜெபித்துவிட்டுப் போனார். நான் அவரை வாசல்வரை கொண்டுபோய் விடவில்லை. அப்படி ஒரு மரியாதைக்குறைவை அவருக்கு நான் செய்தது அதுதான் முதல்முறை. அதற்காக எனக்கு இன்றுவரை வருத்தமும் இல்லை.

வேலையிடத்தில் என்னோடு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற ஒருவர், சாவகச்சேரிக்காரர், சைவர். என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். சொன்னேன். அவர் தேநீரை ஊதிக் குடித்துக்கொண்டே, "கடவுள் வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கமாட்டான் எண்டு சும்மாவே சொன்னவை? உங்கடையளிலையும் இதுதானோ?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. நியாயமாகப் பார்த்தால் அவர் என் பக்கம்தான் பேசினார். ஆனால் எங்கள் பாஸ்டரைத் திட்ட எனக்கு உரிமை இருக்கிறது, அவருக்கு என்ன இருக்கிறது என்று தோன்றியது. எந்த அறிவில் அப்படித் தோன்றியதோ, தெரியவில்லை.

அந்தக் குளிர்காலம் முடியுமுன் அம்மா போய்விட்டார். அவருடைய கடைசி மாதத்தின் முதல் ஞாயிறு அவரை சக்கர நாற்காலியில் சபைக்குக் கொண்டுபோயிருந்தோம். தட்டு வந்தது. நான் அன்று எடுக்காமல் அம்மாவின் மடியில் வைத்தேன். அம்மா அதைப் பிடித்துக்கொண்டு, முன்னால் நிற்கிற பாஸ்டரை நிமிர்ந்து பார்த்தார். பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். எடுத்திருக்கலாம். யார் தட்டிப் பறித்திருப்பார்கள்? அம்மா எடுக்கவில்லை. அடுத்த ஆளிடம் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் நான் கத்தினேன். பாஸ்டரை என்னென்னவோ சொன்னேன். அம்மா என்னைப் பொறுக்கச் சொன்னார்.

"அவர் தன்ர மனச்சாட்சிக்குப் பயந்த மனுசன். எனக்காகப் பொய்யாச் செய்தா அது என்ன அப்பம்? குற்றம் பாக்கில் சுற்றம் இல்லை எண்டு சொல்லுவினம். எனக்குக் கோபமில்லை." முக்காட்டை இறக்கிவிட்டு, "ஆசைதான் இருந்தது," என்றார்.

அடக்க ஆராதனையில் பாஸ்டர் பேசினார். தான் கண்ட விசுவாசிகளில் அம்மாவைப் போல ஒருவரைக் கண்டதில்லை என்றார். ஆண்டவருடைய சமுகத்தில் இளைப்பாறுகிறார் என்றார். எனக்கு எழுந்து போய்விடலாம் போல இருந்தது. ஆனால் பெட்டியைத் தூக்கியவர்களில் முன்வரிசையில் அவரும் நின்றார். அவருடைய தோளுக்கு ஏலாது என்று எல்லாரும் சொன்னோம். கேட்கவில்லை.

இத்தனையும் நடந்து சில வருடங்கள் ஆனபின்தான் டீக்கன் என்னைப் பேசச் சொன்னது. அந்தக் கிழமை முழுவதும் வீட்டில் இதே கதைதான்.

"நல்லதை மட்டும் சொல்லிப்போட்டு இருங்கோவன்," என்றார் மனைவி. "வயசுபோன மனுசன். வெளிக்கிடுற நேரத்தில ஏன்?"

"நல்லதை மட்டும் சொன்னா அம்மாவை நான் மறைச்ச மாதிரி."

"மற்றதை மட்டும் சொன்னா?"

"அது பாஸ்டரை மறைச்ச மாதிரி."

"அப்ப ரெண்டையும் சொல்லுங்கோ. பிறகு வீட்டை வந்து சாப்பாட்டோட சண்டை பிடிக்காதையுங்கோ."

மகள் அறைக்குள்ளிருந்தே, "ஜஸ்ட் பி நைஸ், அப்பா," என்றாள். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு எல்லாவற்றுக்கும் நைஸ்தான் தீர்வு.

எனக்கு இருந்த பயம் வேறு. மேடையில் ஏறி வெறும் புகழ்ச்சியைச் சொல்லிவிட்டு இறங்கினால், அம்மா மடியில் தட்டை வைத்துக்கொண்டு காத்திருந்த அந்த நேரத்தை அதன்பிறகு யாரும் பேசப் போவதில்லை. பாஸ்டர் போய்விடுவார். புகைப்படம் ஒன்று சுவரில் ஏறும். வருகிற புதுக்குடும்பங்களுக்கு அவர் குறையே இல்லாத பரிசுத்தவானாகிவிடுவார். எங்கள் சபைகளில் இது நடக்கிற காரியம். ஊழியக்காரன் இருக்கும்வரை முதுகுக்குப் பின்னால் குறை சொல்வோம். போனபின் ஒரு சொல் சொல்லவிடமாட்டோம். இரண்டிலும் அந்த மனிதனைப் பற்றிய உண்மை இல்லை.

கனப்படுத்தும் ஆராதனை அன்று மண்டபம் நிறைந்திருந்தது. ஸ்வெட்டரைக் கொடுத்தார்கள். பாஸ்டர் அதை அங்கேயே போட்டுக்கொண்டார். கழுத்து இறுக்கமாக இருந்தது. என் முறை வந்ததும் எழுந்து போனேன். எழுதி வைக்கவில்லை. டீக்கன் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தார்.

அம்மாவை அவர் ஏற்றி இறக்கியதைச் சொன்னேன். முக்காலியைச் சொன்னேன். வாந்திக்குச் சட்டையைப் பிடித்ததைச் சொன்னேன். நெஞ்சில் தாளை ஒட்டிக்கொண்டு தொட்டியில் மூழ்கியதைச் சொன்னபோது பலருக்கு அது புதுக்கதை. பெண்கள் சிலர் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. டீக்கனின் கை தளர்ந்தது.

"அம்மா கடைசியாக் கேட்டது ஒரு துண்டு அப்பம். அதை பாஸ்டர் குடுக்கேல்லை," என்றேன். "அது பிழை எண்டு நான் நினைக்கிறன். அண்டைக்கும் நினைச்சனான், இண்டைக்கும் நினைக்கிறன். தாளை ஒட்டினதும் அப்பத்தைக் குடுக்காததும் ஒரே ஆள்தான். ஒண்டை மட்டும் சொன்னா நான் வேற ஆரையோ கனப்படுத்திப்போட்டுப் போறன். எங்களோட இருந்தது இந்த மனுசன். இவருக்காக ஆண்டவருக்கு நன்றி."

ஆமென் சொல்லுகிற இடம். ஒருவரும் சொல்லவில்லை. கடைசி வரிசையில் ஒரு கதிரை கிறீச்சிட்டது. நான் வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன். மனைவி என் பக்கம் திரும்பவில்லை, ஆனால் தன் சேலையை என் முழங்காலுக்குக் கீழிருந்து மெதுவாக இழுத்துச் சரிசெய்தார். டீக்கன் எழுந்து, குரலைச் செருமி, அடுத்த பாட்டை அறிவித்தார்.

ஆராதனை முடிந்து சாப்பாடு. பிரியாணித் தட்டங்கள் நீள மேசையில் இருந்தன. வரிசையில் எனக்கு முன்னும் பின்னும் தாராளமாக இடம் விட்டிருந்தார்கள். டீக்கன் என்னிடம் வந்து, "நீங்க இப்படிப் பண்ணியிருக்கக் கூடாது பிரதர். வயசான மனுசர் மனசு என்ன பாடு படும்?" என்றார். நான் பதில் சொல்லுமுன் பாஸ்டரே வந்துவிட்டார். டீக்கனின் தோளில் தட்டி, "நீங்க போய்ச் சாப்பிடுங்க," என்று அனுப்பினார்.

அருகில் பார்த்தபோது அவர் கண்கள் சிவந்திருந்தன.

"நீங்க சொன்னதுல ஒரு சொல்லும் பொய்யில்ல தம்பி," என்றார். "ஆனா நானும் பொய் சொல்லக் கூடாது. இன்னைக்கு அம்மா வந்து கேட்டாலும் நான் குடுக்க மாட்டேன். எனக்கு வசனம் அப்படித்தான் தெரியுது."

எனக்கு மூக்கின் மேல் கோபம் வந்தது. இதைச் சொல்லத்தான் இத்தனை பேருக்கு முன்னால் எழும்பி வந்தாரா என்று நினைத்தேன்.

"அங்க போனதும் முதல்ல அம்மாவைத் தேடிப் போய் மன்னிப்புக் கேக்கணும்னு இருக்கேன்," என்றார்.

அவர் அங்கே என்றது பரலோகத்தை. ஊருக்குப் போய் இன்னாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிற தொனியில்தான் சொன்னார்.

"அம்மா அங்க இருக்கிறா எண்டு உங்களுக்கு வடிவாத் தெரியுமோ?"

"இது என்ன கேள்வி தம்பி? அவங்க இல்லாமயா? என்னைய விட முன்னால போய் உக்காந்திருப்பாங்க. நான் வாசல்ல நின்னா அவங்கதான் உள்ள கூப்பிடணும்."

"முழுக்கு எடுக்காமலே?"

"எடுக்காமலேதான்."

"அப்ப இஞ்ச ஏன் பாஸ்டர் குடுக்கேல்லை?"

அவர் வாயைத் திறந்தார். எதைக் கேட்டாலும் அதிகாரம், வசன எண்ணோடு சொல்லுகிற மனிதர். வாடகை வீடு கிடைக்கவில்லை என்றாலும், பிள்ளை படிக்கவில்லை என்றாலும் அவரிடம் ஒரு வசனம் இருக்கும். நான் காத்திருந்தேன்.

"தெரியல தம்பி," என்றார். "எனக்குக் குடுத்த வெளிச்சம் அவ்வளவுதான்."

பிறகு இரண்டு கையையும் கூப்பினார். மனிதனைப் பார்த்துக் கை கூப்பக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லித் தந்தவர்.

"அம்மாகிட்ட அங்க கேக்கேன். உங்ககிட்ட இங்க கேக்கேன். மன்னிச்சிருங்க."

இதைக் கேட்க வேண்டும் என்று நான் எத்தனை நாள் வேனைப் பார்த்துக்கொண்டும் மோட்டர்வேயில் நின்றுகொண்டும் நினைத்திருக்கிறேன். கேட்டபோது, அம்மா கையில் தட்டை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்ததும், இவர் கண்ணை மூடிக்கொண்டதும்தான் முன்னால் வந்து நின்றன.

"அம்மா மன்னிச்சுத்தான் போனவ," என்றேன். "எனக்கு இன்னும் ஏலாமக் கிடக்கு பாஸ்டர். பொய்க்கு ஓம் எண்டு சொல்லமாட்டன்."

"சொல்லாதீங்க," என்றார். "நான் பொய்யா அப்பம் குடுக்கல. நீங்களும் பொய்யா மன்னிக்காதீங்க."

என்னைக் கட்டிப்பிடித்தார். கம்பளி கழுத்தில் குத்தியது. நான் அவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன், மன்னிக்காமலேதான்.